47 நாள் குழந்தை, தினமும் சாயங்காலம் 6 மணியிலிருந்து 10 மணி வரை அழுகை: முதலில் எதைப் பார்க்கணும், எப்படித் தேற்றணும்?

கேள்வி: புதுத்தாய்_மதுரை

வணக்கம். பெண் குழந்தை, இன்னையோட 47 நாள். சுகப்பிரசவம். பிறந்தப்போ 2.9 கிலோ. நாலு நாள் முன்னாடி 6 வாரத் தடுப்பூசி போட்டப்போ 3.8 கிலோ இருந்தா. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன்.

பகல்ல பிரச்சினை இல்லை. சாயங்காலம் 6 மணி வாக்குல ஆரம்பிச்சா ராத்திரி 10 மணி வரைக்கும் விட்டுவிட்டு அழுறா. முகம் சிவந்து, கையை இறுக்கி மூடி, முழங்காலை வயித்தோட மடக்கிக்கிறா. மார்ல போட்டா ரெண்டு நிமிஷம் குடிச்சுட்டு விலகி அழுறா, மறுபடியும் தேடுறா. மூணாவது வாரத்துலேயே லேசா ஆரம்பிச்சது, இப்போ அதிகமாயிடுச்சு. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் துணி நனைக்கிறா.

வீட்டுல ஆளுக்கொண்ணு சொல்றாங்க. பால் பத்தலை, பவுடர் பால் கொடுன்னு அம்மா. உரம் விழுந்திருக்கு (தூக்கினப்போ சுளுக்கிடுச்சு), எடுக்கிறவங்ககிட்ட காட்டணும்னு பெரியம்மா. ஓமவாட்டர் கொடுன்னு மாமியார். ஊசி போட்டதாலதான்னு பக்கத்து வீட்டு அக்கா. இதுல எது சரி? அழ ஆரம்பிச்சதும் முதல்ல எதைப் பார்க்கணும், எப்படித் தூக்கி வச்சுக்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில்: குழந்தைகள் வார்டு செவிலி

நீங்கள் கொடுத்திருக்கும் விவரத்தில் பாதிப் பதில் இருக்கிறது, மா. வயது 6 வாரத்தைத் தாண்டியிருக்கிறது, நேரம் சாயங்காலம், எடை ஏறுகிறது, சிறுநீர் நன்றாகப் போகிறது, இரண்டு அழுகைக்கு நடுவே குழந்தை சாதாரணமாக இருக்கிறது. பச்சிளம் குழந்தையின் அழுகைக்கு ஒரு ஏற்ற இறக்கம் உண்டு. இரண்டாம் வாரத்தில் கூட ஆரம்பித்து, 6 வாரத்தில் உச்சத்துக்குப் போய், 12 வாரத்துக்குள் நன்றாகக் குறைந்துவிடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன் 1962லேயே 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மார்களைக் குறித்துவைக்கச் சொல்லிக் கணக்கெடுத்தார். எந்த நோயும் இல்லாத குழந்தைகளே 2 வாரத்தில் நாளுக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரமும், 6 வாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரமும் அழுதன. அதில் பெரும்பகுதி சாயங்காலம்தான். உங்கள் மகள் அந்த உச்சியில் நிற்கிறாள்.

அதற்காக, 'எல்லாக் குழந்தையும் அழும்' என்று விட்டுவிடவும் கூடாது. அழுகை 20 நிமிடத்தைத் தாண்டி, பாலுக்கும் தோளுக்கும் அடங்காவிட்டால், உடுப்பு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நல்ல வெளிச்சத்தில் உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒருமுறை பாருங்கள். மூன்று நிமிடம் போதும்.

உச்சிக்குழியை விரல் நுனியால் மெதுவாகத் தொடுங்கள். அழும்போது எந்தக் குழந்தைக்கும் அது கொஞ்சம் மேலெழும்பும். அழுகை ஓய்ந்து, தோளில் நிமிர்த்தி வைத்திருக்கும்போதும் புடைத்தே இருந்தால்தான் கவலை. கண் ஒன்று மட்டும் சிவந்து நீர் வடிந்தால், குழந்தையின் நகமே கருவிழியில் கீறியிருக்கலாம். வாய்க்குள் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு இருந்தால் அது பூஞ்சைப் புண். மார்பில் வைத்ததும் விலகி அழுவதற்கு அதுவும் ஒரு காரணம். கழுத்து மடிப்பு, அக்குள், தொடை மடிப்பு மூன்றையும் விரித்துப் பாருங்கள். பால் வழிந்து காயாமல் இருந்தால் தோல் புழுங்கி வெந்துபோயிருக்கும். பால் வாசனைக்கு எறும்பு வரும், அதனால் தூளித் துணியை உதறி, தையல் மடிப்பையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து கைவிரல் பத்து, கால்விரல் பத்து. பலர் விட்டுவிடுவது இதைத்தான். தாயின் தலைமுடி ஒன்று சாக்ஸுக்குள்ளோ கையுறைக்குள்ளோ போய் விரலைச் சுற்றிக்கொள்ளும். பிரசவத்துக்குப் பிறகு முடி கொட்டுவது அதிகம் என்பதால் இது நாம் நினைப்பதைவிட எளிதாக நடக்கும். அந்த விரல் மட்டும் மற்ற ஒன்பதைவிடச் சிவந்து வீங்கியிருக்கும். அடியில் பேனாவால் கோடு போட்டதுபோல ஒரு பள்ளம் தெரியும், முடி அதற்குள் புதைந்திருக்கும். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் கண்ணில் படும். நகத்தால் நெருடி எடுக்க வந்தால் எடுங்கள். வரவில்லை என்றால் கத்தரிக்கோலை உள்ளே விடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், இரத்த ஓட்டம் நின்றால் விரலுக்கே ஆபத்து. ஆண் குழந்தையாக இருந்தால் ஆண்குறியிலும் முடி சுற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையுறை, சாக்ஸ் இரண்டையும் உள்பக்கம் வெளியே திருப்பிப் பார்த்த பிறகே போடுங்கள்.

அரைஞாண், கைக்கறுப்பு, கால்கொலுசு எதுவாக இருந்தாலும் உங்கள் சுண்டுவிரல் தாராளமாக உள்ளே போக வேண்டும். ஆறே வாரத்தில் ஒரு கிலோ அளவுக்கு ஏறும் உடம்பு இது. பிறந்தபோது தளர்வாகக் கட்டிய கயிறு இப்போது இறுகியிருக்கும். தொடை இடுக்கில் ஒரு பக்கம் மட்டும் கட்டிபோல் புடைத்து, அழுத்தினால் உள்ளே போகாமல் கெட்டியாக இருந்தால் அது குடலிறக்கம் சிக்கிக்கொண்டதாக இருக்கலாம், அன்றே காட்ட வேண்டும்.

வெக்கையையும் கவனியுங்கள். பிள்ளை பெற்ற அறை என்று ஜன்னலைச் சாத்தி, குல்லா, ஸ்வெட்டர், இரண்டு சுற்றுத் துணி என்று போட்டு வைத்திருப்பார்கள். கை கால் தொட்டால் சில்லென்றுதான் இருக்கும், அதை நம்பாதீர்கள். பிடரியையும் நெஞ்சையும் தொடுங்கள். வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். வீட்டுக்குள் குல்லா வேண்டியதில்லை. சாயங்காலம் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். கொசுவர்த்தியும் அப்படியே. மூக்கு அடைத்தால் குழந்தையால் உறிஞ்சிக் குடிக்க முடியாது, குடிக்க முடியாவிட்டால் அழும். கொசுவலை போதும்.

பதில்: பாலூட்டல் ஆலோசகர்

பால் பத்தவில்லையா என்ற கேள்விக்கு மட்டும் வருகிறேன். பிறந்து முதல் சில நாளில் எடை கொஞ்சம் இறங்கி, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பும். அதற்குப் பிறகு மூன்று மாதம் வரை நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் பால் போதும். உங்கள் மகள் 43 நாளில் 900 கிராம் ஏறியிருக்கிறாள். 24 மணி நேரத்தில் 6 முறைக்கு மேல் வெளிர்நிறச் சிறுநீர் போகிறது. இந்த இரண்டு கணக்கும் சரியாக இருக்கும்போது பவுடர் பாலுக்கு அவசியமே இல்லை. ஒரு வேளை பவுடர் பால் கொடுத்தால் அந்த வேளை மார்பு காலியாகாது. காலியாகாத மார்பில் சுரப்பு குறையும். பத்து நாளில் அம்மா சொன்னது நிஜமாகிவிடும்.

சாயங்காலத்தில் மார்பு தளர்ந்து, பால் மெதுவாக வரும். குழந்தை பத்துப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தேடும். அடுத்தடுத்துச் சப்பியே இரவுத் தூக்கத்துக்கு முன் வயிற்றை நிரப்பிக்கொள்வதுதான் அவர்கள் வழி. மணி பார்க்க வேண்டாம், தேடும்போதெல்லாம் கொடுங்கள். ஆனால் அழ ஆரம்பிக்கும் வரை காத்திருக்கக் கூடாது. தலையைப் பக்கவாட்டில் திருப்பி வாயைத் திறப்பது, உதட்டை நக்குவது, கையை வாய்க்குக் கொண்டுபோவது, இதெல்லாம்தான் பசியின் தொடக்கம். அழுகை வந்த பிறகு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், மார்பைப் பிடிக்கத் தெரியாது. அப்போது தோளில் போட்டு இரண்டு நிமிடம் ஆசுவாசப்படுத்திவிட்டு, பிறகு கொடுங்கள்.

பிடிமானத்தைப் பாருங்கள். வாய் அகலத் திறந்திருக்கணும், கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கணும், தாடை மார்பில் தொடணும், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் வாய்க்குக் கீழே இருப்பதைவிட மேலே அதிகம் தெரியணும். 'டப் டப்' என்று நாக்கு தட்டும் சத்தம் கேட்டாலோ கன்னம் உள்ளே குழிந்தாலோ காற்று உள்ளே போகிறது. சுண்டுவிரலை வாயோரம் விட்டு விடுவித்து மறுபடி வையுங்கள். காம்பை மட்டும் இழுத்தால் உங்களுக்குப் புண்ணாகும்.

மலம் பச்சையாக, நுரைநுரையாக, பீய்ச்சி அடிக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். அப்படியானால் இரண்டு பக்கத்தையும் ஐந்தைந்து நிமிடம் மாற்றி மாற்றிக் கொடுக்கிறீர்களா என்று யோசியுங்கள். முதலில் வரும் பால் நீர்த்தது, சர்க்கரை அதிகம். கடைசியில் வருவது கொழுப்பு நிறைந்தது. முன்பாலே நிறையப் போனால் அந்தச் சர்க்கரை பெருங்குடலில் புளித்து வாயுவாகும். ஒரு பக்கம் முழுதாகக் குடித்துத் தானே விடும் வரை மாற்ற வேண்டாம். இன்னும் கேட்டால் அடுத்த பக்கம். அடுத்த வேளைக்கு எந்தப் பக்கம் என்று மறந்துபோகும், உள்ளாடைப் பட்டையில் ஊக்கைக் குத்தி வைத்துக்கொள்ளலாம்.

பத்தியம் பற்றியும் சொல்ல வேண்டும். உருளைக்கிழங்கு, பருப்பு சாப்பிட்டால் குழந்தைக்கு வாயு என்பது சரியல்ல. உங்கள் குடலில் உண்டாகும் வாயு பாலுக்கு வராது. பூண்டு ரசமும் அப்பளமும் மட்டும் சாப்பிட்டால் உங்கள் உடம்புதான் இளைக்கும். காபி மட்டும் வேறு கணக்கு. அதிலுள்ள காஃபீன் பாலில் கலக்கும், பச்சிளம் குழந்தையின் உடம்பில் நாள்கணக்கில் தங்கும். ஒரு நாளைக்கு இரண்டு சிறிய டம்ளரோடு நிறுத்துங்கள்.

பதில்: குறிஞ்சி, குழந்தை மருத்துவர்

தடுப்பூசியை முதலில் விலக்கிவிடலாம். 6 வாரத்தில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசிக்குப் பிறகு காய்ச்சல், தொடையில் வலி, சில குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கும் மேல் விடாத அழுகை வருவது உண்மை. ஆனால் அது ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வந்து அடங்கிவிடும். உங்கள் குழந்தைக்கு அழுகை மூன்றாம் வாரத்திலேயே தொடங்கியிருக்கிறது, ஊசி போட்டு நாலு நாள் ஆகிவிட்டது. நம் நாட்டு அட்டவணையில் முதல் பெரிய ஊசி வரும் வாரமும் இயல்பான அழுகை உச்சத்துக்குப் போகும் வாரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. அதனால்தான் ஊசி மேல் பழி விழுகிறது. 10 வாரம், 14 வாரம் ஊசிகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஊசிக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் எழுதித் தந்திருந்தால் பாட்டிலைப் படித்துப் பாருங்கள். சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125, சிலவற்றில் 250. 'அரை மில்லி' என்று சொட்டு மருந்துக்குச் சொன்னது சிரப்புக்குப் பொருந்தாது. சிரப்பின் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் இரண்டு முதல் நான்கு மடங்கு வரை போய்விடும். எடைக்கு ஏற்ற அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அழுகையை நிறுத்துவதற்காக இந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது.

ஓமவாட்டர், கிரைப் வாட்டர், சுட்ட வசம்பு, உரை மருந்து, சேனைத் தண்ணி எதுவும் 6 மாதம் வரை வேண்டாம். கிரைப் வாட்டர் 1851இல் இங்கிலாந்தில் உட்வர்ட் என்ற மருந்தாளர் விற்கத் தொடங்கியது. அந்தப் பழைய கலவையில் சர்க்கரையோடு 3.6 சதவீதம் ஆல்கஹாலும் இருந்தது. குழந்தை அடங்கியதில் ஆச்சரியமே இல்லை. இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலும் ஆல்கஹால் இல்லை, இனிப்புத்தான் மிச்சம். இனிப்பு நாக்கில் பட்டால் சில நிமிடம் அழுகை நிற்கும், பெரியவர்கள் 'கேட்கிறது' என்று சொல்வது அந்தச் சில நிமிடத்தைப் பார்த்துத்தான். உரைகல்லும் அதைக் கழுவும் தண்ணீரும் சுத்தமாக இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு வரும். உரை மருந்தில் சேரும் ஜாதிக்காய் அளவு கூடினால் மயக்கம் தரும். தேன் ஒரு வயது வரை ஆகவே ஆகாது. அதிலிருக்கக்கூடிய கிருமி விதை குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கும்.

மருந்துக்கடையில் 'வயிற்றுவலிச் சொட்டு' என்று கேட்டு வாங்காதீர்கள். டைசைக்ளோமின் கலந்த சொட்டு 6 மாதத்துக்குக் கீழ் கொடுக்கக் கூடாதது, மூச்சு திணறலும் வலிப்பும் வந்திருக்கின்றன. தூங்க வைக்கப் புரோமெத்தசின் சிரப் கொடுப்பது இன்னும் மோசம். 2 வயதுக்குக் கீழ் அது மூச்சையே அடக்கிவிடும். வாயுவுக்குக் கொடுக்கும் சிமெத்திகோன் சொட்டால் கெடுதல் இல்லை, ஆனால் ஆய்வுகளில் அது வெறும் சர்க்கரைத் தண்ணீரைவிட மேலாக வேலை செய்யவில்லை. லாக்டோபேசிலஸ் ரியூட்டரி என்ற நன்மைக் கிருமிச் சொட்டு, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளுக்கு அழுகை நேரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது. அதையும் கேட்டுக்கொண்டே கொடுக்க வேண்டும்.

உரத்துக்கு வருகிறேன். முறத்தில் போட்டுப் புடைப்பதும், சேலையில் உருட்டுவதும், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவதும் செய்யவே கூடாதவை. 47 நாள் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம், கழுத்து நிற்காது. உலுக்கும்போது மண்டைக்குள் மூளை முன்னும் பின்னும் மோதி, மெல்லிய இரத்தக் குழாய்கள் அறுந்துபோகும். வெளியே ஒரு காயமும் தெரியாது. தொக்கம் எடுப்பதாகத் தொண்டைக்குள் விரல் விடுவதும் வாயால் ஊதுவதும், குடலேற்றம் என்று வயிற்றை அழுத்தித் தடவுவதும் அப்படியே.

ஆனால் 'உரம்' என்று பெரியவர்கள் சொல்லும் ஒரு அறிகுறியை நான் தள்ளிவிட மாட்டேன். படுத்திருக்கும்போது சும்மா இருந்து, ஒரு பக்கமாகத் தூக்கும்போது மட்டும் வீறிட்டால், அது உண்மையான வலி. ஒரு கையை மட்டும் அசைக்காமல் வைத்திருக்கிறதா, கழுத்தின் ஒரு பக்கத்தில் சிறு நெல்லிக்காய்போல் கட்டி இருந்து தலை எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறதா, மூட்டு வீங்கிச் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். தோள் எலும்பு முறிவு, கழுத்துத் தசை இறுக்கம், மூட்டில் சீழ் மூன்றும் இப்படித்தான் காட்டும். மூன்றுக்கும் சிகிச்சை இருக்கிறது, முறம் இல்லை. உங்கள் பெரியம்மாவிடம் 'எதைப் பார்த்து உரம் என்று நினைத்தீர்கள்' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் கவனித்தது எங்களுக்குப் பயன்படலாம்.

எப்போது இரவானாலும் கிளம்ப வேண்டும்: அக்குளில் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 37.5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல், இல்லை உடம்பு ஜில்லிட்டுப் போவது. பால் குடிப்பதை நிறுத்துவது அல்லது பாதியாகக் குறைப்பது. பச்சை நிற வாந்தி. ஒவ்வொரு வேளையும் பீறிட்டு வெளியே பாயும் வாந்தி. மலத்தில் இரத்தம். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, முனகல். வலிப்பு. எப்போதும்போல் இல்லாமல் கூர்மையாகக் கீச்சிடும் அழுகை. அழ வேண்டிய குழந்தை துவண்டு கிடப்பதும் இந்த வரிசையில்தான் வரும், சத்தமில்லை என்று நிம்மதியடையாதீர்கள். 108ஐக் கூப்பிடத் தயங்க வேண்டாம். இன்னும் சில மாதம் கழித்து, 15, 20 நிமிட இடைவெளியில் திடீரென வீறிட்டுக் காலை மடக்கி, நடுவே வெளிறிச் சோர்ந்துபோனால் அது குடல் குடலுக்குள் செருகிக்கொண்டதாக இருக்கலாம், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுத்தாய்_மதுரை

ரொம்ப நன்றி. எல்லாம் கழட்டிப் பார்த்துட்டேன், விரல் எல்லாம் சரியா இருக்கு. அரைஞாண்தான் இறுக்கமா இருந்தது, மாத்திட்டோம். பெரியம்மாகிட்ட கேட்டேன், தூக்கும்போது தனியா எதுவும் அழலை, சும்மா விடாம அழுததைப் பார்த்துத்தான் சொன்னாங்களாம். மலம் மஞ்சளா, இளக்கமா இருக்கு.

இன்னும் ரெண்டு கேள்வி. மலம் கழிக்கறதுக்கு முன்னாடி கால் மணி நேரம் முக்கி, சிவந்து அழுறா. வெத்தலைக் காம்புல விளக்கெண்ணெய் தொட்டு வைக்கச் சொல்றாங்க. அப்புறம், தோள்ல போட்டுத் தூங்க வச்சு கீழே விட்டதும் முழிச்சுக்கிறா. எப்பவும் தூக்கியே வச்சிருந்தா கைச்சூடு பழகிடும்னு திட்டு வேற.

பதில்: குழந்தைகள் வார்டு செவிலி

காம்பு வேண்டாம், மா. மலம் இளக்கமாக வருகிறது என்றால் அது மலச்சிக்கல் இல்லை. வயிற்றை அழுத்தி முக்கும்போதே ஆசனவாயைத் தளர்த்த வேண்டும் என்பது உடம்புக்கு இன்னும் கைவரவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்வரை பத்து, இருபது நிமிடம் முக்கி அழும். சில வாரத்தில் தானே பழகிவிடும். காம்பு, சோப்புத் துண்டு வைத்தால் அன்றைக்கு வந்துவிடும், ஆனால் தூண்டினால்தான் வரும் என்று உடம்பு கற்றுக்கொள்ளும், உள்ளே கீறலும் விழலாம். மல்லாக்கப் படுக்க வைத்து முழங்கால் இரண்டையும் வயிற்றுப் பக்கம் மெல்ல மடக்கிப் பிடித்துக்கொண்டால் போதும்.

பதில்: தாலாட்டு (குழந்தை வளர்ச்சிப் பயிற்சியாளர்)

கைச்சூடு பற்றி முதலில். கனடாவின் மாண்ட்ரியலில் ஹன்சிக்கர், பார் என்ற இரு ஆய்வாளர்களும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுத் தாய்மார்களிடம் குழந்தையை வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தூக்கி வைத்திருக்கச் சொன்னார்கள். 6 வாரத்தில் அந்தக் குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட 43 சதவீதம் குறைவாக அழுதன. சாயங்காலம் 4 மணிக்கு மேல் பார்த்தால் 51 சதவீதம் குறைவு. கவனிக்க வேண்டியது என்ன என்றால், குழந்தை அழுத பிறகு மட்டும் அவர்கள் தூக்கவில்லை. அழாதபோதும், தூங்கும்போதும், நாள் முழுக்கப் பரவலாகத் தூக்கினார்கள். அழுகை உச்சத்துக்குப் போன பிறகு தூக்கினால் பலன் குறைவு. ஆகவே மதியம் 3 மணியிலிருந்தே அம்மா, பெரியம்மா, நீங்கள் என்று முறை வைத்துத் தூக்குங்கள். மூன்று மாதக் குழந்தைக்கு அடம் பிடிக்கும் மூளை இன்னும் இல்லை. தூக்கினால் கெட்டுப்போகாது.

தூக்கும் முறை. நெஞ்சோடு நெஞ்சாக நிமிர்த்தி, ஒரு கை பிட்டத்துக்கு, ஒரு கை பிடரிக்கும் மேல்முதுகுக்கும். அவள் காது உங்கள் நெஞ்சில் பதிய வேண்டும். ஒரே சீராக நடங்கள், திடீர் நிறுத்தமும் திருப்பமும் இல்லாமல். அடங்காவிட்டால் முன்கைப் பிடியைப் பாருங்கள்: குழந்தையைக் குப்புற உங்கள் முன்கைமேல் நீளவாக்கில் படுக்க வைத்து, கன்னம் உங்கள் முழங்கை மடிப்பில், உங்கள் உள்ளங்கை அவள் தொடைக்கு நடுவே பிடித்திருக்கட்டும். வயிற்றில் படும் இதமான அழுத்தம் ஆசுவாசம் தரும். இது விழித்திருக்கும்போது மட்டும். தூங்கப் போடும்போது எப்போதும் மல்லாக்கத்தான்.

தூங்கிய பிறகு கீழே விடுவதற்கு ஜப்பானின் ரிக்கென் ஆய்வகத்தில் 2022இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். 5 நிமிடம் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். தூங்கியதும் உடனே கீழே விடாமல், உட்கார்ந்து 5 முதல் 8 நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும். பிறகுதான் படுக்கை. தரை தொடுவதால் விழிக்கிறது என்று நினைக்கிறோம். தாயின் உடம்பிலிருந்து பிரியும் அந்த நொடியில்தான் இதயத் துடிப்பு ஏறுகிறது என்று அளந்து பார்த்தார்கள். அந்த 8 நிமிடத்தில் தூக்கம் ஆழமாகிவிடும். மணிக்கட்டைத் தூக்கி விட்டுப் பாருங்கள், சடாரென்று தொய்ந்து விழுந்தால் கீழே விடலாம். விரல் மடக்கி இறுகினால் இன்னும் இரண்டு நிமிடம் பொறுங்கள். பாயில் விடும்போது முதலில் பிட்டம், பிறகு முதுகு, கடைசியாகத் தலை. விட்டதும் கையை உருவாமல், நெஞ்சின்மேல் உள்ளங்கையை ஒரு நிமிடம் கனமில்லாமல் வைத்திருங்கள்.

தூளி நல்லதுதான், கட்டுவதில் கவனம் வேண்டும். குறுக்கே தூளிக்கட்டை போட்டுத் துணியை விரித்து வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் மூடி முகத்தில் அப்பும். குழந்தை சுருண்டு தாடை நெஞ்சில் ஒட்டினால் மூச்சுக்குழல் மடங்கிவிடும், தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும். முழங்கால் உயரத்துக்கு மேல் கட்ட வேண்டாம், கீழே மெத்தை கிடக்கட்டும். ஆட்டம் ஒரு வினாடிக்கு ஒரு முறை, சாண் அளவு போதும். கோபத்தில் வேகம் கூடுவதை நீங்களே கவனிக்க மாட்டீர்கள். தூங்கியதும் சமதளப் பாய்க்கு மாற்றிவிடுங்கள், இரவு முழுக்கத் தூளியில் விட வேண்டாம். வீட்டில் வேறு பிள்ளைகள் இருந்தால் உபயோகம் முடிந்ததும் தூளியைச் சுருட்டி மேலே கட்டிவிடுங்கள், கழுத்தில் முறுக்கிக்கொள்ளும் விபத்து அப்படித்தான் நடக்கிறது.

ஆராரோ ஆரிரரோ என்று நீட்டிப் பாடுவதில் சொல்லைவிட மூச்சுக்குத்தான் வேலை. தாழ்ந்த குரலில், ஒரு 'ரோ'வுக்கு ஒரு ஆட்டம் என்று பாடுங்கள். நெஞ்சில் சாய்ந்திருக்கும் குழந்தைக்கு அது காதில் மட்டுமில்லை, அதிர்வாகவும் எட்டும். செல்போனில் இரைச்சல் ஒலி போடுவதானால் இரண்டு மீட்டர் தள்ளி, நீங்கள் குரல் உயர்த்தாமல் பேசும் அளவுக்குக் குறைவாக. காதருகே வேண்டாம். சாயங்காலம் 5 மணிக்கு மேல் டியூப்லைட்டை அணைத்து மங்கலான விளக்கு வையுங்கள், டி.வி. அடுத்த அறைக்குப் போகட்டும், பார்க்க வருகிறவர்களைக் காலையில் வரச் சொல்லுங்கள். ஒரு முறையை ஐந்து நிமிடமாவது தொடருங்கள். தோள், தூளி, பால், கிலுகிலுப்பை என்று நிமிடத்துக்கு ஒன்றாக மாற்றினால் அந்த மாற்றமே அடுத்த அழுகைக்குக் காரணமாகும்.

துணி சுற்றுவதானால் மெல்லிய பருத்தி ஒரே சுற்று. நெஞ்சருகே உங்கள் கை நுழையணும், இடுப்பும் காலும் தவளைபோல் விரிந்து மடங்க இடமிருக்கணும். காலை நீட்டி இறுக்கினால் இடுப்பு மூட்டு நழுவலாம். புரள முயற்சி தெரிந்த அன்றே சுற்றுவதை நிறுத்திவிடுங்கள்.

பதில்: பாலூட்டல் ஆலோசகர்

ஒன்று விட்டுப்போனது. எல்லாம் செய்தும் அடங்காத நாள்கள் வரும், அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. கை நடுங்கி, ஆத்திரம் வந்தால், மல்லாக்கப் பாயில் கிடத்தி, சுற்றிலும் தலையணை, போர்வை இல்லாமல் செய்து, கதவைத் திறந்து வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள். தண்ணீர் குடித்து, முகம் கழுவி, 10 நிமிடம் கழித்து வாருங்கள். பத்து நிமிடம் அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. உலுக்கினால் மூன்று வினாடியிலேயே ஆகிவிடும். இதை வீட்டில் குழந்தையைத் தூக்கும் எல்லோருக்கும், குறிப்பாக வார இறுதியில் வரும் அப்பாவுக்கும், வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராமல், காரணமில்லாமல் அழுகை வந்து, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் உங்கள் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு, பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன.

பதில்: குறிஞ்சி, குழந்தை மருத்துவர்

அடுத்த ஏழு நாளைக்கு ஒரு நோட்டில் நாலு பத்தி போட்டுக் குறியுங்கள்: அழ ஆரம்பித்த நேரம், நின்ற நேரம், அதற்கு முன் கடைசியாகப் பால் குடித்த நேரம், எதனால் அடங்கியது. சிறுநீரையும் மலத்தையும் பக்கத்திலேயே கோடு போட்டு எண்ணுங்கள். நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் என்று மூன்று வாரம் தொடர்ந்தால் அதைக் கோலிக் என்று அழைக்கச் சொல்லி வெசல் என்பவர் 1954இல் ஒரு கணக்கு வைத்தார். அந்தப் பெயர் வந்தாலும் செய்ய வேண்டியது இதே தூக்கலும் தேற்றலும்தான். 10 வார ஊசிக்குப் போகும்போது நோட்டை எடுத்துப் போங்கள், ஒரு அழுகையைச் செல்போனில் ஒரு நிமிட வீடியோவாகவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முன்னால் அவள் பெரும்பாலும் சிரித்துக்கொண்டுதான் இருப்பாள்.